இணைச்சீருக்கு வந்த காய்ச்சல்

அந்த ஆவணியில் கோயமுத்தூர்ப் பக்கம் பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் தெருவே நொண்டிக்கொண்டிருந்தது. பால் வாங்கப் போகிறவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எதிர்வீட்டம்மா குனிந்தால் நிமிர முடியாது என்று கோலப்பொடியை நின்றபடியே தூவினார். எனக்கோ வாய் சும்மா இருக்காது. அவரைப் போலவே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்து காட்டி என் வீட்டுக்காரரைச் சிரிக்கவைத்தேன். சிக்குன்குனியா என்று சொன்னார்கள். பேக்கரியில் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கும் ஏதோ பலகாரத்தின் பெயர் போல இருக்கிறதே என்று அதையும் கேலி செய்தேன்.

என் முறையும் வந்தது. ஒரு நாள் காலை சட்னி அரைக்கும்போது மிக்ஸி மூடி கழலவில்லை. விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. குளிர் நடுக்கியது. மத்தியானத்துக்குள் கணுக்கால் இரண்டும் வீங்கி, கொலுசு சதைக்குள் புதைந்தது. வீட்டுக்காரர் லேத் பட்டறையை அப்படியே போட்டுவிட்டு வந்து என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் அதேதான் என்றார். அவர் அடுத்துச் சொன்னதை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டால் எனக்கு வசதியாக இருக்கும், ஆனால் மறக்கவில்லை.

"ஒரு வாரத்துக்கு எங்கயும் போகாதீங்க. பகல்லயும் கொசுவலைக்குள்ளயே இருங்க. காச்சல் இருக்கறப்ப உங்களைக் கடிக்கிற கொசு, கொஞ்ச நாள் கழிச்சு வேற யாரைக் கடிச்சாலும் அவங்களுக்கும் வந்துரும்."

"ஏனுங்க டாக்டர், இந்த வாரக் கடைசியில தம்பி கல்யாணமுங்க. வெள்ளகோவில் பக்கம் எங்கூரு. அங்க குடிக்கவே தண்ணி கெடையாதுங்க, கொசு எங்கிருந்து வரும்?"

அவர் சிரிக்கவில்லை. "தண்ணி இல்லாத ஊர்லதானுங்க எல்லா ஊட்லயும் டிரம்முல புடிச்சு வெச்சிருப்பாங்க," என்றார்.

நன்றாகவே காதில் விழுந்தது. மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தம்பி கல்யாணம் என்றால் எங்கள் வீட்டில் அது சாதாரண விஷயம் இல்லை. வானம் பார்த்த கொஞ்சம் மேட்டாங்காடும் நாலு தறியும் வைத்துக்கொண்டு ஊரிலேயே இருக்கிற பையனுக்கு இப்போது யார் பெண் கொடுக்கிறார்கள்? அப்பா போய்ச் சேர்ந்து வெகுகாலம். அம்மா ஏறாத கோயிலில்லை. ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்து அலைந்து தம்பிக்குக் காதோரம் நரைத்துவிட்டது. கடைசியில் பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சம்மதித்தாள். படித்த பெண், சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். வேலையை விட்டுவிட்டு எங்கள் காட்டுக்கு வரச் சரியென்றாள் என்று அம்மா போனில் சொன்னபோது அழுதுவிட்டார்.

எங்கள் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி ஏறுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ கல்யாணப் பெண் மாதிரியே சோடித்துக்கொண்டு அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில், மறு முனை அவள் கையில். வருகிறவளுக்கு முன்னால் கூடப்பிறந்தவளுக்கு ஒரு மரியாதை. ஊரும் உறவும் கூடி நின்று பார்க்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அந்த வீட்டில் அவளைவிடப் பெரியவள் யாருமில்லை.

நான் போகாவிட்டால் சீர் நின்றுவிடாது. அதையும் சொல்லிவிடுகிறேன். கூடப்பிறந்தவள் இல்லாத வீட்டில் பங்காளி வீட்டுப் பெண் நிற்பது வழக்கம்தான். எங்கள் சித்தப்பா மகள் இருந்தாள், தம்பிமேல் உயிராக இருப்பவள்.

"உனக்கு முடியலைன்னா அந்தப் புள்ள நிக்கட்டுமே," என்றார் வீட்டுக்காரர்.

"நான் உசுரோட இருக்கறப்ப அவ எதுக்கு நிக்கோணும்?" என்று பாய்ந்தேன். "எத்தன வருசமாக் காத்துக்கெடந்தேன்! எடுத்து வெச்ச பட்டை அவ கட்டிக்கிட்டு நிப்பாளா?"

தம்பிக்காக என்றும் அம்மாவுக்காக என்றும் அன்று நிறையப் பேசினேன். அவ்வளவும் அந்தப் பட்டுக்காகத்தான்.

பல்லடம், காங்கேயம் வழியாகக் காரில் போனோம். நான் பின்சீட்டில் சுருண்டு கிடந்தேன். கொசு தானாகப் பறந்தால் ஒரு தெருவைத் தாண்டுவதே பெரிது. காற்று மட்டும் அடிக்கும் அந்த மேட்டாங்காட்டுக்கு அந்தக் காய்ச்சலை ஏசி போட்டுக் கூட்டிக்கொண்டு போனது நான்தான்.

வீட்டில் கல்யாணக் களை. விருந்தாளிகளுக்குத் தண்ணீர் போதாது என்று தம்பி எங்கிருந்தோ நீல டிரம்களைக் கொண்டுவந்து வீட்டோரச் சந்தில் வரிசையாக நிறுத்தியிருந்தான். பைப்பில் தண்ணீர் எப்போதோ ஒரு நாள்தான் வரும். வந்த அன்று இருக்கிற அண்டா குண்டா எல்லாவற்றிலும் பிடித்து வைப்பார்கள். பல டிரம்களுக்கு மூடி இல்லை. பழைய துணியைப் போர்த்தியிருந்தார்கள். அந்தச் சந்துதான் வீட்டிலேயே குளுகுளுவென்று இருக்கும் இடம். மத்தியான வேளைகளில் ஒரு பாயைக் கொண்டுபோய் அங்கேதான் படுத்தேன். காலில் வரியிட்ட கொசு ஒன்று என் முழங்கையில் உட்கார்ந்ததைப் பார்த்தேன். விரட்டக் கையைத் தூக்குவதற்குக்கூடத் தெம்பில்லை. உட்காரட்டும் என்று விட்டுவிட்டேன்.

சீர் அன்று விடிகாலை அம்மா வந்து என் நெற்றியைத் தொட்டார்.

"ஏங்கண்ணு, ஒடம்பு இப்படிக் கொதிக்குது?"

"அலுப்பும்மா."

அம்மா ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு மாத்திரையும் சுடுதண்ணீரும் கொண்டுவந்து கொடுத்து, வீக்கம் தெரியாமல் சேலையைத் தழையத் தழைய இறக்கிவிட்டார். "சீர் முடியற வரைக்கும் சமாளிச்சுக்க. வெளிய சொல்லிக்காத, நல்ல காரியத்துல காச்சல்னு பேச்சு வேண்டாம்," என்றார்.

சமாளித்தேன். நன்றாகவே சமாளித்தேன். போட்டோவில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பிறகு பெண்ணுக்குக் கூறை கட்டிவிடுவதும் என் பொறுப்பாக வந்தது. கொசுவத்தைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. அவள் குனிந்து என் கையைப் பார்த்தாள். நான் போட்ட கொசுவத்தின்மேல் தன் கையை வைத்து, அவளே இழுத்துச் செருகிக்கொண்டாள்.

கல்யாணம் முடிந்து நாங்கள் ஊர் திரும்பிக் கொஞ்ச நாள் போயிருக்கும். அம்மா போன் செய்தார். புதுப்பெண்ணுக்குக் காய்ச்சல், எழுந்து நிற்க முடியவில்லை, மூட்டுக்கு மூட்டு வலி என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம்.

நான் சொன்னது இது: "அவங்க ஊட்ல யாருக்காச்சும் இருந்துச்சான்னு கேட்டுப் பாரும்மா. பெருந்துறைப் பக்கமெல்லாம் தண்ணி சரியில்லைங்கறாங்க."

ஒரு பொய்கூட அதில் இல்லை. கேட்டுப் பார் என்றுதான் சொன்னேன். அதுவே போதுமானதாக இருந்தது.

அடுத்து அம்மாவுக்கு வந்தது, அப்புறம் பக்கத்து வீட்டில், அப்புறம் தறிக்கு வருகிறவர்களுக்கு. அந்த ஊர் இதற்குமுன் அப்படியொரு காய்ச்சலைப் பார்த்ததில்லை. தறிகள் பாதி நின்றுபோயின. பேருக்குக்கூடக் கொசு இல்லாத ஊர் என்று எல்லோரும் பெருமை பேசிக்கொண்டிருந்ததால், கொசுவை யாரும் நினைத்தே பார்க்கவில்லை. புதிதாக வந்தது என்ன என்று பார்த்தார்கள். ஊருக்குப் புதிதாக வந்திருந்தவள் ஒருத்திதான்.

மகளுக்கு முடியவில்லை என்று கேட்டு அவளுடைய அம்மா பெருந்துறையிலிருந்து பஸ் ஏறி வந்தாராம். அவர் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் என் அம்மா கேட்டிருக்கிறார்: "உங்கூட்ல யாருக்காச்சும் இந்தக் காச்சல் இருந்துச்சுங்களா?"

"எங்கூட்ல யாருக்கும் இல்லீங்களே," என்றாராம் அவர். உள்ளே வந்து மகளைப் பார்த்தார், தலைவாரிப் பின்னிவிட்டார். காப்பி வேண்டாம் என்றார். தண்ணீராவது குடியுங்கள் என்றதற்கு, இப்பத்தானுங்க குடிச்சேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். சம்பந்தி வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் போவதென்றால் எங்கள் பக்கம் அதற்கு அர்த்தம் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இதை என்னிடம் போனில் சொன்னது தம்பிதான்.

"நீ வந்து அம்மாகிட்டப் பேசுக்கா. நீ சொன்னாக் கேப்பாங்க. அந்தப் புள்ள ஒரு வார்த்த பேச மாட்டேங்குது. இப்படியே போனா அவ இங்க இருப்பாளான்னே தெரியல," என்றான்.

போனேன். வீட்டுக்காரரின் காரிலிருந்து இறங்கும்போதே தெருவில் எதிரே வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நடந்தார்கள், எங்கள் பெரியநாயக்கன்பாளையம் தெரு எழுந்து முன்னாலேயே அங்கு வந்து நின்றது போல. நானும் அப்படித்தான் நடப்பேன், காலையில் எழுந்தால் சுவர் வேண்டும். ஆனால் அந்த வாசல்வரை நேராக நடந்து காட்டினேன். எதிர்வீட்டம்மாவைப் போல நடந்து காட்டியவளுக்கு இப்போது நன்றாக நடப்பவளைப் போல நடந்து காட்ட வேண்டியிருந்தது.

அம்மா கட்டிலில் கிடந்தார். தம்பி மனைவி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு வீங்கியிருந்ததால் விளக்குமாற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெருக்கினாள். "வாங்க நங்கையா," என்றாள். கணவனின் அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவள் உள்ளே போய்த் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

மூடியைத் திருகினேன். திறக்கவில்லை. அவளுக்குத் தெரியாமல் இன்னொரு தரம் திருகினேன். அவள் பாட்டிலை வாங்கி, முந்தானையை மூடியின்மேல் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு திறந்து கொடுத்தாள்.

"உங்களுக்கும் இன்னும் போகலீங்களா நங்கையா?" என்றாள்.

"எனக்கென்ன கண்ணு, மூட்டுத் தேய்மானம்."

அவள் கீழே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கூறை கட்டிவுடறப்பவே உங்க கை கொதிச்சுதுங்க. பாவம், முடியாமயும் நின்னு செய்யறாங்களேன்னு நெனச்சேன்."

பாட்டிலைக் கீழே வைத்தேன்.

"அம்மா கேட்டப்ப ஏன் கண்ணு சொல்லல?"

"எப்படீங்க சொல்றது? சீருக்கு நின்னவங்க மேலயே பழி போட்ட மாதர ஆயிருமுங்க. வந்து ஒரு மாசங்கூட ஆகாதவ சொன்னா யாரு நம்புவாங்க? எங்கம்மாகிட்டக் கேக்கச் சொன்னது நீங்கதான்னு அத்தை சொன்னாங்க. அப்பறம் நீங்களே ஒரு நாளைக்குச் சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அது எனக்கு நன்றாக வரும். அவள் கோபப்படவில்லை. என் காதெல்லாம் எரிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு, "இன்னைக்கே சொல்லீர்றேன் கண்ணு," என்றேன். அவள் முகத்தில் அப்போது ஒரு தெளிவு வந்ததைப் பார்த்தேன். அதைப் பார்த்திருக்காவிட்டால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று மத்தியானம் பிள்ளையார் கோயில் முன்னால் மருத்துவ முகாம். சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். ஊர் மொத்தமும் மரத்தடியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தது. அம்மாவை நானும் அவளும் இரண்டு பக்கமும் பிடித்துக் கூட்டிப்போனோம். யார் யாரைத் தாங்கினோம் என்று சொல்ல முடியாது.

சுகாதாரத் துறைப் பெண் டிரம்களைப் பற்றியும் மூடிகளைப் பற்றியும் சொல்லிவிட்டு, "மொதமொதல்ல யாருக்குங்க வந்துச்சு? எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா நல்லதுங்க," என்றார்.

எல்லாத் தலைகளும் தம்பி மனைவி பக்கமாகத் திரும்பின. பெரியவர் ஒருவர் மட்டும், அவளுக்கு வலிக்கக் கூடாது என்பது போல மெதுவாக, "அந்தப் பெருந்துறைப் புள்ளைக்குத்தானுங்க," என்றார். அவள் எழுந்திருக்கப் போனாள்.

"எனக்குங்க," என்றேன் நான். "எனக்குத்தான் மொதல்ல வந்துச்சு. கோயமுத்தூர்ல இருந்து நாந்தானுங்க கொண்டாந்தேன். கல்யாணத்துக்கு வாரப்பவே எனக்குக் காச்சல்."

சொல்லிவிட்டேன். கல்லெறிந்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன்.

என் பின்னாலிருந்து ஒரு அம்மா, "பாத்தீங்களா மனச!" என்றார். "தம்பி பொண்டாட்டி மேல பழி வரக்கூடாதுன்னு தாம்மேல போட்டுக்கறா பாருங்க. நங்கையான்னா இப்படியல்ல இருக்கோணும்."

மரத்தடி முழுக்க 'உச்' கொட்டியது. யாரோ என் கையைப் பிடித்து அழுத்தினார்கள். உயிர் போகிற மாதிரி வலித்தது.

சுகாதாரத் துறைப் பெண் என்னைப் பார்த்து, "டெஸ்ட் எடுத்தீங்களாம்மா? டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசினார். "அவளுக்கு ஒண்ணுமில்லீங்க. மூட்டுத் தேய்மானம். என்ற மவ மனசு எப்பவுமே அப்படீங்க."

சீர் அன்று விடிகாலை என் நெற்றியைத் தொட்ட கையால் அம்மா என் தோளைப் பிடித்திருந்தார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் அதைச் சொன்னார். கண் இமைக்கவில்லை.

நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. டெஸ்ட் எடுத்தேன், டாக்டர் போகாதே என்றார், தெரிந்துதான் வந்தேன். அவ்வளவுதான். தம்பி மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு லேசாகத் திறந்திருந்தது, நான் சொல்லப்போவதைத் தானும் கூடச் சொல்லத் தயாராக இருப்பவள் போல. பிறந்ததிலிருந்து சும்மா இருந்தறியாத என் வாய் அப்போது சும்மா இருந்தது.

அம்மாவைப் பொய்க்காரியாக்கக் கூடாது என்று நினைத்தேன் என்று இதை வேறு மாதிரி எழுதலாம். அப்படி நினைத்ததும் உண்டு. ஆனால் அதற்கு முன்னாலேயே வேறொன்று நடந்துவிட்டது. எழுதக் கூச்சமாக இருக்கிறது. அந்த 'உச்' எனக்குப் பிடித்திருந்தது. ஊரே திரும்பிப் பார்க்க, நடுவில் நல்லவளாக நின்றேன். பட்டுக் கட்டிக்கொண்டு நின்ற அன்றைக்கு இருந்ததைவிட அது நன்றாக இருந்தது. அதனால் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

தம்பி மனைவி தன் முறை வந்ததும் போய் உட்கார்ந்து மாத்திரை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஊரில் அவளைப் பற்றிய பேச்சு கொஞ்சம் அடங்கியதாகத் தம்பி சொன்னான். அடங்கியது என்றால், பழி போகவில்லை, மன்னிப்பு வந்தது. இப்படிப்பட்ட நங்கையா கிடைத்தது அவள் செய்த புண்ணியம் என்று இன்றைக்கும் சொல்கிறார்களாம். செய்யாத குற்றத்துக்கு என் பெயரால் மன்னிக்கப்பட்டவளாக அவள் அந்த வீட்டில் இருக்கிறாள். அவளுடைய அம்மா இன்னும் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை.

பொழுது சாய நாங்கள் கிளம்பினோம். அவள் கார்வரைக்கும் வந்தாள். வழக்கம்போல மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

"வழியில குடிக்கறதுக்குங்க," என்று ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "போயிட்டு வாங்க நங்கையா."

காங்கேயம் தாண்டியதும் தாகமெடுத்தது. மூடியைத் திருகினேன், அசையவில்லை. முந்தானையைச் சுற்றித் திருகினேன், பல்லால் கடித்தும் பார்த்தேன். வீட்டுக்காரர், "குடு, நான் தெறந்து தாரேன்," என்று ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை நீட்டினார். வேண்டாம் என்றேன். வீங்கின கையோடு அவள் அதை அவ்வளவு இறுக்கி மூட வேண்டுமென்றால் எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்தபடி, அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.